தில்லிக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு

அன்பான பிள்ளைகளுக்கு,

மத்திய அரசுத் தேர்வு எழுதி ஏதோ ஓர் அமைச்சக பவனில் மேசை கிடைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பழைய ராஜேந்தர் நகர் மாடி அறைகளில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், குருகிராமிலும் நொய்டாவிலும் கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கும், நீதிமன்றம், பத்திரிகை, பல்கலைக்கழகம் என்று இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மலை மந்திர் கோயில் படிக்கட்டிலும், தமிழ்க் கூட்டங்கள் முடிந்து காபி குடிக்கும் நேரத்திலும், மெட்ரோவில் என் கையிலுள்ள தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டும் நீங்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "இங்கேயே இருந்துவிடலாமா ஆன்ட்டி, இல்லை ஊருக்கே போய்விடலாமா?" நின்ற இடத்தில் நின்றபடி அதற்குப் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

எண்பதுகளின் இறுதியில், பணியாளர் தேர்வாணையத்தின் சுருக்கெழுத்துத் தேர்வில் தேறி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவள் நான். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 'கிரேடு டி' ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். பிரின்சிபல் பிரைவேட் செக்ரட்டரியாக ஓய்வு பெறப் போகிறேன். இடைப்பட்ட காலமெல்லாம் பெரிய அதிகாரிகளின் அறைக்கு வெளியே போட்ட மேசையில் போனது. தலைநகரத்தைப் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. உள்ளே போகிறவர் யார், எவ்வளவு நேரம் காக்க வைக்கப்பட்டார், வெளியே வரும்போது முகம் எப்படி இருந்தது என்று எல்லாம் அங்கிருந்து தெரியும்.

இந்த ஊரை நான் மனமார நேசிக்கிறேன். இந்த ஊர் மனிதர்களை எடைபோடும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நன்றி. தில்லியில் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி, "எங்கே வேலை?" எந்த அமைச்சகம், எந்தப் பிரிவு, எந்த பேட்ச் என்பது அடுத்த கேள்வி. புதிதாக வந்த உங்களில் பலருக்கு இது முகத்தில் அடிப்பதுபோல இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வி அன்றைக்கு விடுதலையாக இருந்தது. ஊரில் என்னைக் கேட்டதெல்லாம் "நீ யார் மகள், எந்தத் தெரு?" என்றுதான். தெருப் பெயரைச் சொன்னால் மீதியை அவர்களே தெரிந்துகொள்வார்கள். அந்தத் தெருவை நான் சம்பாதிக்கவில்லை. வேலையை நானே சம்பாதித்தேன். நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று எழுதிக் காட்டி, தட்டச்சு செய்து காட்டி வாங்கிய வேலை. அதைச் சொல்லி அறிமுகமாவதில் எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

என் பெயருக்கு முன்னால் இருப்பது ஓர் இனிஷியல் மட்டும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொன்னது; அதன் பலனை நான் தில்லியில் முழுமையாக அனுபவித்தேன். சேர்ந்த அன்று படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் பாதிப் பேர் என்னை அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கொண்டு என் குலம் கோத்திரம் எதையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்களுக்குள் ஒருவரையொருவர் குடும்பப் பெயரை வைத்தே அளந்துகொண்டிருந்தவர்கள், என் விஷயத்தில் வேலையை மட்டும் பார்த்தார்கள். தில்லியில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சமையலறையில் என்ன வேகும் என்று விசாரிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஊரில் எனக்குக் கிடைத்திருக்கவே முடியாத ஓர் இடைவெளி இங்கே கிடைத்தது. தனியாக விடுதியில் தங்கும் பெண்ணைப் பற்றி நாலு பேர் பேச அன்று இங்கே யாருக்கும் நேரமில்லை.

"எங்கே வேலை?" என்ற அந்தக் கேள்வி இங்கே இப்படிப் பரவியதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. 1947-க்குப் பிறகு ஏறத்தாழ ஐந்து லட்சம் அகதிகள் இந்த நகரத்துக்குள் வந்தார்கள். நீங்கள் இன்று தேர்வுக்குப் படிக்கும் ராஜேந்தர் நகரும், பக்கத்துப் பட்டேல் நகரும், லாஜ்பத் நகரும் அவர்களுக்காக எழுந்த குடியிருப்புகள். வீடும் நிலமும் எல்லைக்கு அப்பால் போனவரிடம் "உங்கள் ஊர் எது?" என்று கேட்பது புண்ணைக் கீறுவது. "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கலாம். லாகூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் பர்சாத்தியில் நான் சிறிது காலம் குடியிருந்தேன். மொட்டை மாடியில் ஒற்றை அறை. கோடையில் கொதிக்கும், ஜனவரியில் விறைக்கும். பழைய வீட்டைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நடைபாதையில் துணி விற்றதில் தொடங்கிக் கடை வைத்ததுவரை தேதிவாரியாகச் சொல்வார். வேலையைப் பற்றி அவர் அத்தனை பேசியதன் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குப் பின்னாளில் விளங்கியது.

இனி மனக்குறை.

புதுதில்லி கட்டப்பட்டதே பதவி வரிசைப்படிதான். 1911 டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். 1931-இல் புதிய நகரம் திறக்கப்பட்டது. வைஸ்ராய் மாளிகைக்குப் பக்கத்தில் யாருக்குப் பங்களா, எத்தனை ஏக்கர் தோட்டம், இந்திய எழுத்தர்களுக்கு கோல் மார்க்கெட் பக்கம் எவ்வளவு சிறிய வீடு என்று சம்பளத்தைப் பார்த்து வரைபடம் போட்டார்கள். வெள்ளையர் போனார்கள், வரைபடம் போகவில்லை. இன்று ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் 18 நிலைகள். முதல் நிலையின் அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், கடைசி நிலைக்கு இரண்டரை லட்சம். முதல் நிலைக்கு டைப் ஒன் வீடு. 2 முதல் 5 வரை டைப் டூ. 6 முதல் 8 வரை டைப் த்ரீ. 9 முதல் 11 வரை டைப் ஃபோர். அதற்கு மேலே எட்டாம் டைப் பங்களா வரைக்கும் போகும். விலாசத்தைச் சொன்னாலே சம்பளம் தெரிந்துவிடும். தெருவை வைத்து என்னை அளந்த ஊரிலிருந்து தப்பி வந்தேன். இங்கேயும் தெருவை வைத்தே அளக்கிறார்கள். இந்தத் தெருவை நான் ஏறி அடையலாம் என்பது மட்டுமே வித்தியாசம். அது சிறிய வித்தியாசம் இல்லை, மறுக்கவில்லை. ஆனாலும் குழந்தைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். நேதாஜி நகரில் டைப் டூவில் இருந்தபோது, பூங்காவில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலேயே எந்த வீட்டுப் பையன் எந்த டைப் என்று தெரிந்திருந்தது. பதவி உயர்வு வந்ததும் குடும்பம் வீடு மாறும். நட்பும் மாறிவிடும்.

அந்த நேதாஜி நகரும் இப்போது இல்லை. சரோஜினி நகர், நௌரோஜி நகர் என்று ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாக்கும் திட்டம் வந்தது. 2018-இல் அங்கிருந்த ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எந்தப் பதவியைச் சொல்லிக்கொண்டும் வரவில்லை. தில்லியில் நான் மிகவும் பெருமைப்பட்ட நாட்களில் அவையும் உண்டு.

பதவியைச் சுற்றியே இயங்கும் இந்த ஊரில் பாசத்துக்கு இடமில்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மெட்ரோ வருவதற்கு முன்னால் அரசு ஊழியர்களைச் சுமந்தவை சார்ட்டர்ட் பஸ்கள். மாதச் சந்தா கட்டினால் உங்கள் இருக்கை உங்களுக்கு. காலையில் அதே முகங்கள், மாலையிலும் அதே முகங்கள். அந்த பஸ்ஸுக்குள் அண்டர் செக்ரட்டரியும் கீழ்நிலை எழுத்தரான எல்.டி.சி.யும் ஒரே நீளச் சீட்டில் உட்கார்ந்தார்கள். பிறந்த நாள், வளைகாப்பு, இழவு எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே பேசித் தீர்ந்தன. குளிர்காலத்தில் மதிய இடைவேளையின்போது பவன்களுக்கு வெளியே புல்வெளியில் பெண்கள் வெயில் காய்வோம். மடியில் கம்பளி நூல்கண்டு, பக்கத்தில் உரித்த பட்டாணி, வறுத்த வேர்க்கடலை. பஞ்சாபிக்காரி ஒருத்தி எனக்கு ஸ்வெட்டர் பின்னக் கற்றுத் தந்தாள். கடுவால்காரி ஒருத்தி என் முதல் குளிருக்குத் தன் ரஜாயைக் கொடுத்துவிட்டு, தான் இரண்டு கம்பளியில் சமாளித்தாள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றபோது இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் அவர்கள். இந்தி எனக்கு இலக்கணப் புத்தகத்தில் வரவில்லை, அந்தப் புல்வெளியில் வந்தது. ஊரில் மொழிக்காக நடந்த போராட்டத்தின் நியாயத்தை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியின் மொழியைக் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அலுவலகம் மட்டுமே உங்கள் தில்லியாகிவிடும்.

என் மேசையிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மிகப் பெரிய பதவியில் இருந்த ஓர் அதிகாரியிடம் வேலை பார்த்தேன். நேர்மையானவர், கடுமையாக உழைத்தவர். தீபாவளி வந்தால் அவர் அறைக்கு வரும் இனிப்புப் பெட்டிகளைத் திருப்பி அனுப்புவதே எனக்கு ஒரு வார வேலை. அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் அரசு ஊழியர் ஓய்வு பெறுகிறார், விதி அப்படி. அன்று பிற்பகல் பூங்கொத்து, சமோசா, நாலு பேச்சு. மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர். சில வாரங்கள் கழித்து அவர் என்னை அழைத்து, பழைய சக அதிகாரி ஒருவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், இணைப்புக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேட்டேன். "மீட்டிங்கில் இருக்கிறார்" என்றார்கள். மறுநாளும் மீட்டிங். மூன்றாம் முறை அவரே, "வேண்டாம்மா, விட்டுவிடு" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவர் திகைத்துப்போயிருந்தார். அத்தனை வருடமும் தன்னைத் தேடி வந்தவர்கள் தன்னைத்தான் தேடி வந்தார்கள் என்று நம்பியிருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு அரசு வீட்டில் ஆறு மாதம் இருக்கலாம். அதற்குள் காலி செய்ய வேண்டும். வீடு, பக்கத்து வீடு, மருந்தகம், பஸ், தோழிகள் எல்லாமே பதவியோடு கட்டி வந்தவை. கட்டு அவிழ்ந்தால் எல்லாம் சேர்ந்து போகும். என் தலைமுறைக்கு ஓய்வூதியமாவது நிச்சயம்; 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்த உங்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியமும் இல்லை. அதனால் பதவிக்கு வெளியே ஒரு தில்லியை இப்போதே உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். இருபத்தைந்து வயதில் அது எளிது. அறுபதில் மிகக் கடினம்.

நம்மவர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1965-இல் 'கணையாழி' இதழ் தில்லியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. தொடங்கிய கஸ்தூரிரங்கன் ஓர் அமெரிக்க நாளிதழின் செய்தியாளராக இருந்தவர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே இந்திரா பார்த்தசாரதி நாவல்கள் எழுதினார். இந்த நகரத்து அலுவலக வாழ்க்கையும் அதன் பாவனைகளும் மனிதனை எப்படிக் காகிதமாக்குகின்றன என்பதை ஆதவன் 'காகித மலர்கள்' நாவலில் எழுதினார். அவரும் அலுவலகத்துக்குப் போய் வந்தவர்தான். அவர்கள் எந்த டைப் வீட்டில் இருந்தார்கள் என்று இன்று யாரும் கேட்பதில்லை. எல்லாரும் எழுத வேண்டும் என்பதில்லை. நாடகம், பாட்டு, தோட்டம், கோயில் கைங்கரியம், பழைய தில்லியின் சமாதிகளைத் தேடி நடப்பது, எதுவானாலும் சரி. அங்கே உங்களை யாரும் சம்பள லெவல் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

ராஜேந்தர் நகர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. 2024-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213. கடைசியில் தேர்வானவர்கள் 1,009. இந்தக் கணக்கை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அப்பாவுக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா? 2024 ஜூலை 27 அன்று உங்கள் தெருவில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். அத்தனை நெருக்கடியில், அத்தனை வாடகையில், காற்று வராத அறைகளில் நீங்கள் இருப்பது எதற்காக என்று அன்று நாடே கேட்டது, பிறகு மறந்தது. எத்தனை முறை எழுதுவது என்று இப்போதே உங்களுக்குள் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் தரும் வாய்ப்புகளின் எண்ணிக்கையையே உங்கள் வாழ்க்கையின் வரம்பாக ஆக்க வேண்டாம். தேர்ச்சி பெறாமல் ஊருக்குத் திரும்பியவர்களில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று கருதும் வழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டும்.

இப்போது என் அம்மாவைப் பற்றி. அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தார். இந்தி ஒரு சொல் தெரியாது. வந்த சில வாரங்களில் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர், வேப்பமரத்தடியில் கரிப்பெட்டியோடு நின்று துணி தேய்ப்பவர், பால் பூத்துக்காரர் எல்லாரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பல வருடம் அவர்களிடம் வாங்கியும் கொடுத்தும் வந்தவள். அவர்களுடைய ஊர்கள் எவை என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருவர் அலிகட் பக்கம், ஒருவர் மதுபனி. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா சேலம் பக்கம். அவர் இருந்தது ஜங்புராவை ஒட்டிய மதராசி கேம்ப்பில்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாராபுலா நாலா என்ற வடிகாலின் கரையில், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த குடியிருப்பு. நம்மைப் போலவே அதே ரயிலில் வந்தவர்கள். நமக்குத் தேர்வு எண் இருந்தது, அவர்களுக்கு இல்லை. பெண்கள் ஜங்புராவிலும் டிஃபென்ஸ் காலனியிலும் வீட்டு வேலை செய்தார்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு நடந்தே போனார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் அந்தப் பள்ளியை நடத்தி வந்ததால், தலைநகரில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாயின் மகள் தமிழ் படிக்க முடிந்தது. இதைவிடப் பெரிய சாதனை எதையும் தில்லித் தமிழர் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

2025 ஜூன் 1 அன்று அந்தக் கேம்ப் இடிக்கப்பட்டது. நாலாவில் அடைப்பு எடுக்கவும் மழைக்காலத்தில் நீர் தேங்காமல் இருக்கவும் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நீர் வடிய வேண்டியதும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. அங்கிருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை அவற்றில் பாதி அளவே. நரேலாவில் கொடுத்தார்கள், ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விடிகாலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெண், இனி எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்குக் கிளம்பி அந்த நாலு வீட்டுக்கு வருவாள்? மீதிப் பாதிப் பேருக்கு அந்த நரேலாவும் இல்லை. ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எந்த ஊர் ஊர்?

யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானித்தது காகிதம். எந்த வருட வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, குடும்ப அட்டையில் விலாசம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, இனிஷியல் விரிந்த இடத்தில் அப்பா பெயர் ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருக்கிறதா. எனக்குக் கவசமாக இருந்த அதே இனிஷியல், காகிதத்தைக் கையாளத் தெரியாதவர்களுக்குத் தடையாக முடியும். எங்கள் அக்கா கொண்டு வந்து காட்டிய பிளாஸ்டிக் உறையில் எல்லாச் சான்றுகளும் இருந்தன. ஒன்றில் இருந்த எழுத்துப் போல இன்னொன்றில் இல்லை.

அம்மா இறந்தபோது அலுவலகம் முழுக்க வந்தது. அமரர் ஊர்தி, லோதி ரோடு மயானத்தில் இடம், என் விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றையும் என் சகாக்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கடனை மறக்க மாட்டேன். அவர்கள் எனக்காக வந்தார்கள். துணி தேய்ப்பவரும் காய்கறிக்காரரும் சேலத்து அக்காவும் அம்மாவுக்காக வந்தார்கள். அம்மாவுக்குத் தில்லியில் எந்தப் பதவியும் இருந்ததில்லை.

இருப்பதா போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். நவம்பர் மாதத்தில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில், ஆஸ்துமா உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு இங்கே இருக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வயதான பெற்றோர் ஊரில் தனியாக இருந்தால், மாற்றல் கிடைத்தால், போங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். பதவி உயர்வுக்காக மட்டும் இருக்கிறீர்கள் என்றால் நன்றாக யோசியுங்கள். ஆனால் ஊரிலிருந்து தப்பித்து வந்த பெண்பிள்ளைகளே, தெருப் பெயரைச் சொல்லத் தயங்கி வளர்ந்த பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்கிறேன்: இந்த ஊர் உங்களுக்கு ஒரு வாய்ப்பு. அதை விட்டுவிடாதீர்கள். நான் இருக்கப் போகிறேன். ராமகிருஷ்ணபுரத்து டைப் ஃபோரைக் காலி செய்துவிட்டு மயூர் விஹாரில் வாடகைக்கு இரண்டு அறை பார்த்திருக்கிறேன்.

இருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்தத் தலைநகரம் நமக்கு ஒரு தொழிலை நன்றாகக் கற்றுக் கொடுத்திருக்கிறது. கோப்பை எப்படி நகர்த்துவது, மனுவை யாருக்கு முகவரியிடுவது, எந்த விதியைச் சுட்டுவது, பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது, முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு எங்கே. ராஜேந்தர் நகரில் இருப்பவர்கள் இதை மனப்பாடமாகவே படிக்கிறீர்கள். பவன்களில் இருப்பவர்கள் தினமும் செய்கிறீர்கள். மதராசி கேம்ப்பில் பாதிக் குடும்பங்களுக்கு வீடு இல்லாமல் போனது இந்த ஒரு திறமை அவர்கள் பக்கம் போதாததாலும்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நரேலாவுக்கு வாருங்கள். மெட்ரோ இன்னும் அங்கே போகவில்லை. மஞ்சள் வழித்தடத்தில் சமய்பூர் பாத்லியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பெயர்ப் பிழை திருத்த விண்ணப்பம், பள்ளி மாற்றுச் சான்று, முதியோர் உதவித்தொகை, வீடு மறுக்கப்பட்டவர்களின் முறையீடு என்று எழுதித் தர வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. நானும் சில தோழிகளும் போகிறோம். எழுதும் கைகள் போதவில்லை. இந்தியும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்து, தமிழில் பேசத் தெரிந்த யாரும் வரலாம். உங்கள் அமைச்சகம் எது என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பேனாவும், ஜெராக்ஸ் எடுக்கக் கொஞ்சம் சில்லறையும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆன்ட்டி
ராமகிருஷ்ணபுரம், புதுதில்லி